எட்டு பதினொன்றுக்கு வரும் அழைப்பு

என் கைபேசியில் இரண்டு சிம் இருக்கின்றன. வேலை, வங்கி, வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றில். இன்னொன்றில் எதுவும் இல்லை. அந்த எண்ணுக்கு யாரும் அழைப்பதில்லை. ஆனாலும் அது அணைந்துவிடாமல் அவ்வப்போது ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறேன்.

"பேசாத போனுக்கு எதுக்குடா தீனி போடுறே?" என்று அம்மா கேட்பாள். இரவு எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறேன். எட்டு பதினொன்றுக்கு அந்தத் திரையை ஒருமுறை பார்க்கிறேன். அவ்வளவுதான்.

எனக்கு எச்.ஐ.வி. பிறவியிலேயே உண்டு. அம்மாவுக்கும் உண்டு. அப்பா லாரி ஓட்டியவர். அவர் போனபோது எனக்கு இரண்டு வயது. அகரத்தில் பூக்காட்டுக் கூலியான அம்மா அதிகாலையில் மல்லிகை பறித்து, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். திண்டுக்கல் டவுனில் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் இடத்தில் எல்லோரும் பெருவிரலை மையில் வைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பேனா கேட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது:

"ஏலே அப்பு, கையெழுத்துப் போடுவியா? அப்ப நீ நமக்கு வேணும்டா."

அவரை நாங்கள் எல்லோரும் டவுன் அக்கா என்றுதான் சொல்லுவோம். பிரியாணிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவர். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, இந்த நோயில் போனவர். மாத்திரைக்காக மதுரைக்கு ஓட வேண்டியிருந்த காலத்தில், மருத்துவமனை வேப்பமரத்தடியில் சந்தித்துக்கொண்ட ஐந்து பெண்களில் அவர் ஒருவர். ஐந்து பேரும் புருஷனை இழந்தவர்கள். யாரும் கிட்டே போகாத கட்டில்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்ட வீட்டார் மறுத்தால், அதையும் செய்தார்கள். 'இங்கேயே மாத்திரை கொடுங்கள்' என்று மனு எழுதச் சொல்லி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் தாளை நீட்டினார்கள். நான் அவர்களைப் பார்த்த நேரத்தில் ஐந்தில் மூன்று பேர் இல்லை. சங்கம் மட்டும் இருபத்திரண்டு பேராக வளர்ந்திருந்தது.

மாத்திரை வந்த பிறகு இன்னொரு பிரச்சினை வந்தது. ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டும். விட்டால் கிருமி மாத்திரைக்குப் பழகிவிடும். ஆனால் வீட்டில் மறைத்து வைத்திருக்கிறவர்கள், காட்டில் வேலை செய்கிறவர்கள், மனசு விட்டுப்போனவர்கள், இவர்களை யார் தினமும் கேட்பது? மருத்துவமனை கேட்கும், மாதம் ஒருமுறை. மீதி இருபத்தொன்பது நாளுக்கு அந்தப் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

மிஸ்டு கால்.

இரவு சரியாக எட்டு மணிக்கு டவுன் அக்கா மாத்திரையைப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த ஆள் தன் மாத்திரையைப் போட்டுவிட்டு அதற்கு அடுத்தவருக்கு. இப்படி ஆளுக்கு ஒரு நிமிடமாக ஊர் ஊராகச் சுற்றி, கடைசி ஆளிடமிருந்து எட்டேகால் தாண்டி அக்காவுக்கே திரும்பி வரும். அக்கா தன் நோட்டில் அன்றைய தேதிக்கு எல்லாப் பேருக்கும் டிக் போடுவார். பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். நான் அகரம். எட்டு பதினொன்றுக்கு எனக்கு அடித்தது ஆயக்குடி. நான் அடித்தது குஜிலியம்பாறை.

போனை எடுக்கக் கூடாது என்பது முதல் சட்டம். எடுத்தால் காசு போகும்; காசைவிட, பேச்சு வெளியே போகும். எனக்கு முந்தைய ஆளிடமிருந்து பத்து நிமிடம் மணி வரவில்லை என்றால், நான் என் மாத்திரையைப் போட்டு அடுத்தவருக்கு அடித்துவிட்டு அக்காவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று இரவு வரவில்லை என்றால் நேரில் போக வேண்டும்.

நேரில் போவது எளிதா? ஒரு முன்பின் தெரியாத ஆள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் தெருவே கேட்கும். அதனால்தான் அக்காவின் நோட்டில் பின்பக்கமாக இன்னொரு பட்டியல். சங்கத்தில் சேருகிற ஒவ்வொருவரும், 'என்னைத் தேடி வருகிற ஆள் வாசலில் என்ன சாக்குச் சொல்ல வேண்டும்' என்று தாங்களே எழுதிவைத்தார்கள். குஜிலியம்பாறைக்கு 'கெடாய் இருக்கா, விலைக்கு'. வேடசந்தூர் டிரைவருக்கு 'வண்டி வாடகைக்கு வருமா'. எனக்கு 'செமஸ்டர் நோட்டு வாங்க வந்தேன்'. ஆயக்குடிக்கு 'கொய்யாப் பதியன் கன்று இருக்குதுங்களா'.

நான் சேர்ந்த நாளில் அந்தப் பட்டியலைப் படித்தேன். அக்காவுக்கு எழுதத் தெரியாது என்பதால் பழைய வரிகள் யார் யாரோ எழுதியவை. ஆயக்குடியின் வரி மட்டும் அந்த ஆளே எழுதியது என்று அக்கா சொன்னார். வட்ட வட்டமான கையெழுத்து. 'இருக்குதுங்களா' என்பதில் கடைசித் துணைக்காலை ரொம்ப நீட்டி இழுத்திருந்தது.

"ஆம்பளையாக்கா, பொம்பளையா?"

"அது என்னத்துக்கு ஒனக்கு? மணி வந்தாப் போதாதா?" என்றவர், நோட்டை மூடிக்கொண்டே, "ஒன் வயசுப் பொட்டப்புள்ளதேன். ஒன்னைய மாதிரியே பொறப்புலயே வந்தது" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருவரைப் பற்றி மணியோசையை வைத்து என்ன தெரிந்துவிடும் என்று கேட்பீர்கள். எனக்கு நிறையத் தெரிந்தது. ஆயக்குடியின் மணி எப்போதும் ஒன்றரை. ஒரு முழு மணி அடித்து, இரண்டாவது பாதியில் அறுந்துவிடும். காய்ச்சலாக இருந்தால் ஒன்றோடு நிற்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் மூன்று அடித்தது. பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தின் சத்தத்தில் என் போன் கேட்காதோ என்று நினைத்திருப்பாள். கூட்டம் அவள் தெருவில்தான், என் தெருவில் இல்லை. அந்த நினைப்பிலேயே அந்த இரவு முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எட்டு ஐந்துக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சட்டையைக்கூட மாற்றிக்கொள்வேன். அம்மா பார்த்துவிட்டு, "யாருடா வரப்போறா, கலெக்டரா?" என்பாள்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. போட்ட இரவில் தலை சுற்றும், கனவு கனவாக வரும். எல்லோருக்கும் செத்தவர்கள் கனவில் வந்தார்கள். எனக்குப் போன் வந்தது. கனவில் நான் சட்டத்தை மீறி எடுப்பேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். ஊர் கேட்பேன், பதில் வராது. விழித்துப் பார்த்தால் அம்மா பூக்கூடையோடு கிளம்பிக்கொண்டிருப்பாள்.

ஒன்றரை வருடம் இப்படி. ஒரு தடவைகூடக் குரல் கேட்டதில்லை.

நான் கடைசி வருடம் படிக்கும்போது மாத்திரைத் தட்டுப்பாடு வந்தது. மேலேயிருந்தே வரவில்லை என்றார்கள். முப்பது நாளுக்குக் கொடுத்த இடத்தில் நாலு நாளுக்குக் கொடுத்தார்கள். பிறகு, "நாளான்னைக்கு வந்து பாருங்க." கொடுக்கிறவர்களும் எங்களைப் போலவே தவித்துத்தான் நின்றார்கள். டவுனில் இருக்கிறவர்கள் தினமும் போய்ப் பார்த்தார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எத்தனை தடவை பஸ் ஏறுவது?

நான்தான் சங்கத்தின் எழுத்தாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதினேன். 'உயிர் காக்கும் மாத்திரை கிடைக்காமல் அவதியுறுகிறோம்' என்று தொடங்கி இரண்டு பக்கம். அதோடு அக்காவின் நோட்டில் அந்த மாதத்துப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். எங்கள் ஒழுங்கைப் பார்த்து அதிகாரி அசந்துபோவார் என்பது என் எண்ணம். படித்தவனின் கர்வம்.

மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மாதிரி. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஜெராக்ஸை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, இதுல எல்லாரும் தினமும் மாத்திரை போட்டதா டிக் இருக்கே. ஒரு ஊருக்கு மட்டும் ரெண்டு நாளா இல்ல. அப்புறம் தட்டுப்பாடுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. வெளியே வந்துவிட்டோம்.

டிக் இல்லாத அந்த ஊர் ஆயக்குடி. இரண்டு இரவாக மணி வரவில்லை. அன்று இரவும் வரவில்லை. எட்டு இருபத்தொன்று வரை காத்திருந்து குஜிலியம்பாறைக்கு அடித்தேன். மூன்றாவது இரவு. சட்டப்படி நான் போக வேண்டும்.

மறுநாள் காலை ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி பஸ்ஸில் ஏறி ஆயக்குடியில் இறங்கினேன். சந்தையில் கொய்யா மணம் முகத்தில் அடித்தது. அக்கா சொல்லியிருந்த அடையாளத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வீடு. வாசலில் ஒரு பெரியவர் மொபெட்டில் காலியான பிளாஸ்டிக் டிரேக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா அம்மா இல்லாத அவளை வளர்க்கும் சித்தப்பா. அவருக்கு எதுவும் தெரியாது, சித்திக்கு மட்டும்தான் தெரியும் என்று அக்கா எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"கொய்யாப் பதியன் கன்று இருக்குதுங்களா?" என்றேன். நோட்டில் இருந்தபடியே, எழுத்து மாறாமல்.

"இருக்குதுங்க தம்பி. எந்த ஊருங்க?"

"அகரம். தாடிக்கொம்புப் பக்கம்."

"எத்தனை வேணுமுங்க?"

இந்தக் கேள்வி நோட்டில் இல்லை. "ரெண்டு" என்றேன்.

"ரெண்டு ஏக்கராவுக்குங்களா?"

"இல்லைங்க. ரெண்டு கன்று."

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு கன்னுக்கு அகரத்துல இருந்து பஸ் ஏறி வந்தீங்களாக்கும்! ஏனுங்க, உங்க ஊர்ப் பக்கம் கொய்யாவே மொளைக்காதுங்களா?" என்று சிரித்தார். "பொண்ணுப் பாக்க வந்தவனாட்டமல்ல வேர்த்து நிக்கறீங்க. உள்ளாற வந்து உக்காருங்க, எடுத்தாறேன்."

உள்முற்றத்தில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து பழங்களைப் பெரிது சிறிது பிரித்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லி. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்தப்பா கொல்லைப் பக்கம் போனதும் நான் பையில் கைவிட்டு அந்த எண்ணை அழுத்தினேன். டிரேக்களுக்கு அடியில் ஒரு போன் அடித்தது. ஒரு முழு மணி. இரண்டாவது மணியின் பாதியில் அவள் கை அதை அறுத்தது.

பிறகு நிமிர்ந்தாள்.

"அகரமுங்களா?" என்றாள்.

ஒன்றரை வருடமாகக் கனவில் வராத குரல். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுக்குங்க வந்தீங்க? எனக்கு ஒண்ணுமில்லீங்க. மாத்திரை தீந்துபோச்சு, அவ்வளவுதான். சித்தப்பனுக்குத் தெரியாம நான் எத்தனை தடவை திண்டுக்கல் வாரது?"

"ஒரு மணி அடிச்சிருக்கலாமே. நாங்க பயந்துபோயிட்டோம்."

"போடாம எப்படிங்க அடிக்கிறது?" என்றாள். கோபமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அப்புறம், பழத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் கெடைச்சுதுங்களா? நீங்க தினம் போட்டீங்களா?"

சித்தப்பா இரண்டு கன்றுகளோடு வந்துவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. நேரம் இல்லாததால் அல்ல.

நான் பத்து நாளாக ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரையை நீட்டிக்க வேண்டுமே. ஆனால் தினமும் குஜிலியம்பாறைக்கு அடித்தேன். அந்த அக்கா இதய நோய்க்காரி, மணி வராவிட்டால் பயந்து செத்துவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பெயர் அன்பு என்றும் நினைத்தேன்.

திரும்பி வந்ததும் நேராக டவுன் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காயக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கன்றுகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, நான் தினம் போடலை. போடாமலே அடிச்சேன்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. ஏழெட்டு வெங்காயம் உரிந்த பிறகு, "நானுந்தேன்லே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரமுடிந்தவர்களை எல்லாம் வரச் சொன்னார். பதினாறு பேர் வந்தார்கள். கையில் ஆளுக்கு ஒரு கத்தியும் முன்னால் வெங்காயமும். வேலையை நிறுத்தி அக்கா கூட்டம் போட்டதே இல்லை.

"யாரு யாரு நெசமா தினம் போட்டது? அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க. சாமி கும்புடுறவுக சாமி மேல."

நாலு கைதான் உயர்ந்தது. நாலும் டவுன் கை.

குஜிலியம்பாறை அக்கா என்னைப் பார்த்து, "எனக்கு ஏழு நாளாச்சு சாமி. படிக்கிற புள்ள, நான் அடுத்தாளுக்கு அடிக்கலைன்னு அக்கா சொல்லி ஒனக்குத் தெரிஞ்சா நீ பதறிருவேன்னு அடிச்சேன்" என்றது.

"நான் ஒங்களுக்காக அடிச்சேன்க்கா."

வேடசந்தூர் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "இம்புட்டுப் பொய்யி! நாம ஒரு கட்சியே ஆரம்பிச்சிருக்கலாம். பேசாம எலெக்சன்ல நிப்போமா?"

"நீ நின்னா ஒம் பொஞ்சாதியே ஓட்டுப் போட மாட்டா" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். யாரும் வெங்காயத்தைக் குறை சொல்லவில்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சங்கிலி. பார்த்துக்கொள்வதிலேயே அது பொய்யாகிப்போனது. இருபத்திரண்டு வரிகளில் மாத்திரை இல்லை என்ற உண்மையை முதல் நாளிலிருந்து சொன்னது ஒரு வரிதான், டிக் இல்லாத வெறும் கட்டங்களாக. இப்போது நோட்டைத் திருத்தி எழுதிக்கொண்டு போனால் அதிகாரி நம்புவாரா? 'போன வாரம் டிக், இந்த வாரம் பெருக்கலா?' என்பார். அந்த ஒரு வரிக்குச் சொந்தமான ஆள் நேரில் வந்து நின்று சொன்னால்தான் மற்றவர்கள் பேச வாய் இருக்கும்.

"ஆனா அந்தப் புள்ள வெளிய தெரிஞ்சா வீட்டுல வைக்க மாட்டாகளே" என்றார் அக்கா. "நான் கேக்க மாட்டேன். அது பாவம்."

"நான் கேக்குறேன்" என்றேன்.

இத்தனை வருடத்தில் அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அதிகம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சங்கிலியில் அவளுக்கு அடுத்த ஆள் நான், அதனால் கேட்டேன் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன். மாத்திரை எல்லோருக்கும் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அவளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் அவள் பழங்களைப் பிரித்த மாதிரி அது பிரியாது.

அன்று மாலை அழைத்தேன். மணி ஓய்கிற வரை விட்டேன். அவள் எடுத்தாள். சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, கனவில் கேட்ட மாதிரியே.

"நான் வந்து சொன்னா மாத்திரை வந்துருமுங்களா?"

"தெரியலை. வரலாம்."

"உங்களுக்கும் வருமில்லீங்களா?"

"எல்லாருக்கும்."

"வாரேனுங்க" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தாள். கத்தரிப்பூ நிறச் சுடிதார். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளச் சொன்னார் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டினாள். அதே அதிகாரி. அதே மேசை. நான் மனுவை நீட்டினேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, ஜெராக்ஸில் தன் வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இது நானுங்க. ஒன்பது நாளா நான் போடலைங்க. எங்ககிட்ட இல்லீங்க. மத்தவங்ககிட்டயும் இல்லீங்க. ஒருத்தருக்கொருத்தர் பயப்படக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டாங்க."

அதிகாரி நிமிர்ந்தார். பின்னால் குஜிலியம்பாறை அக்கா, "எனக்கு எட்டு நாளுங்கய்யா" என்றது. "எனக்கு ஆறு." "எனக்கு பதினொண்ணு." வரிசையில் நின்ற மற்ற மனுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்தார். பக்கத்து மாவட்டத்திலிருந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. புதன்கிழமை மாத்திரை வந்தது. எல்லோருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அக்கா எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனார். வேண்டுமென்றே போனார் என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் டீ குடித்தோம். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கன்னு நட்டீங்களா?"

"ரெண்டும் நட்டேன். ஒண்ணு வாடிருச்சு."

"தண்ணி ரொம்ப ஊத்திட்டீங்களாக்கும். பதியனுக்குப் பாசம் ரொம்பக் காட்டக் கூடாதுங்க" என்று சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. "காய்ச்சா சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? எடுக்கக் கூடாதே."

கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கு மட்டும் நீங்க எனக்குத் திருப்பி அடிங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

பஸ் வந்தது. ஏறினாள். என் வாழ்க்கையில் அவளோடு பேசியது இவ்வளவுதான். மொத்தம் கால் மணி நேரம்கூட இருக்காது.

அன்று எட்டு பதினொன்றுக்கு மணி வரவில்லை. மாத்திரை இன்னும் வரவில்லையே. புதன்கிழமை இரவு வந்தது. ஒன்றரை. அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் தப்பாமல் வந்தது. பிறகு ஒரு நாள் நின்றுவிட்டது.

குறைதீர்க்கும் நாளன்று தண்ணீர் இணைப்புக்கு மனு கொடுக்க ஆயக்குடியிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். அவர் அவளைப் பார்த்ததும் கேட்டதும் மெதுவாக ஊர் வழியாக நடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று இரவு பொறுத்து நான் போனேன். சித்தப்பா வாசலிலேயே நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கன்னு கேட்டு இனி யாரும் வர வேண்டாமுங்க" என்றார். "அந்தப் புள்ள இங்க இல்லீங்க."

"எங்கேன்னு..."

"என்னையக் கேக்காதீங்க தம்பி. எனக்கு ரெண்டு பொண்ணுங்க கட்டிக் குடுக்கோணும்."

அந்த எண் அணைந்துபோனது. அக்கா நோட்டில் அந்த வரியை அடிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் வந்தது. ஒட்டன்சத்திரத்தின் மணி நாலைந்து அடித்துத்தான் நிற்கும். பாவம், நல்ல மனுஷர்.

சில மாதம் கழித்து மாத்திரை வாங்கும் இடத்தில், ஆலோசகரிடம் வேறு ஏதோ கேட்பதுபோல் அவளைப் பற்றிக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. எந்த ஊர்னு நான் சொல்லக் கூடாது. நீங்களும் கேக்காதீங்க."

"கேக்கலை சார்."

இதைவிட நல்ல செய்தியை என்னால் கேட்டிருக்க முடியாது. டிரான்ஸ்பர் வாங்கினால் வேறு ஏதோ ஊரில் அவளுக்கு ஒரு ஃபைல் இருக்கிறது. மாதா மாதம் போகிறாள். அங்கே அவள் கையெழுத்துப் போடுகிறாள், துணைக்காலை நீட்டி இழுத்து. அங்கே யாருக்காவது எட்டு மணிக்கு ஒன்றரை மணி அடிக்கிறாளோ என்று நினைத்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது எனக்கு வேலை இ-சேவை மையத்தில். பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று நாள் முழுக்க மற்றவர்களின் விண்ணப்பத்தை நிரப்புகிறேன். கைபேசி எண் என்ற கட்டம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் தங்கள் எண்ணை மறந்து போனைத் தேடுவார்கள். அவளுடைய பத்து இலக்கத்தை நான் தூக்கத்திலும் சொல்லுவேன். பேச்சு இலவசமான பிறகு மிஸ்டு காலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மாத்திரையும் மொத்தமாகக் கொடுக்கிறார்கள். சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் காலை வணக்கமும் பூப்படமும் வரும். டவுன் அக்கா குரல் பதிவாகத் திட்டுவார். யாரும் பொய் சொல்வதில்லை. யாரும் காத்திருப்பதும் இல்லை.

பிழைத்த ஒரு கன்று வீட்டுக்குப் பின்னால் மரமாகிவிட்டது. முதலில் காய்த்த நாளில் அவள் சொன்னபடி அந்த எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். ஒவ்வொரு வருடமும் முதல் பழம் பறிக்கிற அன்று அடிக்கிறேன். அதே குரல். அம்மா பழங்களைத் துணிப்பையில் கட்டி டவுன் அக்காவுக்குக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் மரத்தடியில் நின்றுகொண்டு, தானாகவே சொன்னாள்:

"அந்தப் புள்ளைக்கு நம்ம நம்பர் மனப்பாடமா இருக்குமாடா?"

"இருக்கும்."

"அப்ப சரி. தீனி போடு" என்றாள்.

அவள் அழைத்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்திருக்கிறேன். எடுக்க மாட்டேன். ஒன்றரை மணி அடித்து அறுந்தால் போதும். அவள் போட்டுவிட்டாள் என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்க அதற்குப் பிறகு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

சில நாள் மையத்தில் வேலை நீண்டு, வீட்டுக்கு வர எட்டேகால் ஆகிவிடும். வரும் வழியில் பஸ்ஸிலேயே போனை எடுத்துப் பார்க்கக் கை போகும். பையில் மாத்திரை இருக்கும், தண்ணீர் இருக்காது. அப்போது நான் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து, செம்பில் தண்ணீர் மொண்டு, முதலில் மாத்திரையைப் போடுகிறேன். அது தொண்டையில் இறங்குகிற வரை போன் பைக்குள்ளேயே இருக்கும்.

போடாமல் எப்படிப் பார்ப்பது?